எழுதாத இடத்தில் மஞ்சள்

அவர் என் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நாளில் என் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் யாருடையதோ மாட்டுக் கொட்டகையின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“சார், நீங்க எழுதிக் குடுத்தபடியே வந்துட்டேன். இங்க ஒரு எருமை கீது. நீங்க இல்ல.”

அதுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

சென்னையில் பல வருஷம் சாஃப்ட்வேர்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தவன் நான். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று வாங்குகிறவருக்குப் புரியும்படி எழுதித் தரும் வேலை. ஆள்குறைப்பில் அது போயிற்று. சொந்த ஊரான திருப்புலிவனத்துக்கே திரும்பி வந்து அண்ணனோடு கழனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உத்திரமேரூர் கடைத்தெருவில் உரக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்திருக்கிறார்கள், கையேடு படித்து மார்க் போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கையேடு எழுதியவனுக்குப் படிப்பதா கஷ்டம் என்று போனேன்.

அந்த ஆபீசுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். எனக்கு ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். எம்.சி.ஏ. படித்தவர். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து மானாம்பதியில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். எங்களுக்கெல்லாம் அவர் மேடம். நான் கொண்டுபோன கையேடுகளை மேலாகப் புரட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

“உங்க வூட்டுக்கு வழி எழுதுங்க. நாளைக்குக் காலையில வரேன். மேப் பாக்க மாட்டேன், யாரையும் கேக்க மாட்டேன். நீங்க எழுதினது மட்டும்தான்.”

காஞ்சிபுரம் சாலையில் வரவும், கோயிலைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பவும், மூன்றாவது வீடு என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? ஆனால் கோயிலைத் தாண்டியதும் முதலில் வருவது ஒரு வண்டிப்பாதை. அதை நாங்கள் யாரும் பாதையாகவே நினைப்பதில்லை. அடுத்து வரும் தெருதான் எங்கள் தெரு. அவர் வண்டிப்பாதையில் திரும்பி, மூன்றாவதாக வந்த கூரைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

நான் ஓட்டமாக ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் எருமையைப் பார்த்துக்கொண்டு நிதானமாக நின்றிருந்தார்.

“எல்லாரும் அடுத்த தெருவுலதானே மேடம் திரும்புவாங்க!”

“எல்லாரும்னா யாரு? அதுல நான் இல்லியா?”

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும், “நீங்க எந்த இடத்துல திரும்பினீங்க, காட்டுங்க” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேலை எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் வந்தவர்கள் அவருக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னார்களாம். வழி எங்கே தவறிற்று என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

அந்த வேலை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் என்னால் முழுதாக விளக்க முடிந்ததில்லை. இப்போது ஏ.ஐ. ஏஜென்ட் என்று ஒன்று வந்திருக்கிறது இல்லையா? மனிதர்கள் செய்துகொண்டிருந்த பல வேலைகளை, கடைக்குச் சரக்கு கேட்பதோ, டிக்கெட் போடுவதோ, கணக்கை அனுப்புவதோ, அதுவே சில சாஃப்ட்வேர் கருவிகளைப் பயன்படுத்திச் செய்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பு இருக்கும். இந்தக் கருவி இன்னது செய்யும், இப்படிக் கேட்க வேண்டும், இன்னது திரும்பி வரும் என்று. ஏஜென்ட்டுக்குக் கண்ணும் காதும் அந்தக் குறிப்புதான். குறிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் படிப்போம். பிறகு ஏஜென்ட்டிடம் அதைக் கொடுத்து ஒரு வேலை சொல்லி, அது எங்கே தடம் மாறுகிறது என்று கவனிப்போம். பத்துக்கு மார்க் போட்டுச் சென்னையில் உள்ள தலைமை ஆபீசுக்கு அனுப்புவோம்.

“மனுசனுக்குப் புரியலன்னா தலையச் சொறிவான் சார்,” என்பார் மேடம். “இது சொறியாது. செஞ்சிடும்.”

அவர் படிக்கிற விதமே வேறு மாதிரி இருக்கும். கருவியின் பெயரை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். பெயர் நம்மை ஏமாற்றிவிடும் என்பார். பெயரைப் படித்துவிட்டால் கீழே எழுதியிருப்பது புரிந்த மாதிரியே இருக்கும் என்று. பிறகு வாய்விட்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். கையில் மஞ்சள் பேனா ஒன்று இருக்கும். நாம் எல்லாம் முக்கியமான வரியின் மேல் மஞ்சள் தீட்டுவோம். அவர் வரிகளைத் தொடவே மாட்டார். இரண்டு வரிகளுக்கு நடுவில், ஓரத்தில், பத்தி முடிந்து காலியாகக் கிடக்கிற இடத்தில் தீட்டுவார். அவர் பார்த்து முடித்த தாளில் எழுத்துகள் வெள்ளையில் கிடக்கும், இடைவெளிகள் மஞ்சளாக மின்னும். முதல் முறை பார்த்தபோது யாரோ தாளைப் பாழாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதன் அர்த்தம் எனக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் புரிந்தது. மண்டபம் புக் செய்கிற கருவி ஒன்றின் குறிப்பு வந்தது. அழகாக எழுதியிருந்தார்கள். நானே எட்டு மார்க் தருவதாக இருந்தேன். மேடம் ‘தேதி’ என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிட்டு, “வுட்டுப் பாருங்க” என்றார். ஏஜென்ட்டிடம் மே மாதம் எட்டாம் தேதிக்கு மண்டபம் போடச் சொன்னேன். அது பணிவாகப் போட்டு முடித்தது. போய்ப் பார்த்தால் ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்குப் பதிவாகியிருந்தது. நாள் முதலில் வருமா, மாதம் முதலில் வருமா என்று குறிப்பில் இல்லை.

மேடம் நாள்காட்டியைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆடியில முகூர்த்தம் வெச்சிடுச்சு சார்! பொண்ணு வூட்டுக்காரன் அடிக்க வருவான்.”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு மார்க் போட்டார்.

இது ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கீழே டீக்கடைக்காரர், “வழக்கம் போலவா மேடம்?” என்று கேட்டால், “வழக்கம்னா இன்னான்னு சொல்லுங்க, சரியான்னு பாக்கறேன்” என்பார். அவர் திணறி, சர்க்கரை கம்மி, டிக்காஷன் தூக்கல் என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். “பேஜாரு புடிச்ச அம்மா” என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் யாராவது அவரிடம் ஒன்றைக் கேட்டால், அது எவ்வளவு அற்பமான கேள்வியாக இருந்தாலும், ஒருமுறைகூட அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ‘இதுகூடத் தெரியாதா’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

எப்படி இவர் இப்படி ஆனார் என்பது எனக்கு ஒரு தீராத ஆர்வம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“கண்ணாலமான புதுசுல சார், எங்க மாமியாரு ‘அடுப்பப் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுக் கயினிக்குப் போயிட்டாங்க. நானும் பாத்துக்கினே இருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இன்னொரு சமயம் கேட்டபோது, சின்ன வயதில் தறி வீட்டில் நூல் எடுத்துவரச் சொல்லி, தவறான நூலைக் கொடுத்து அடி வாங்கிய கதையைச் சொன்னார். எது நிஜமான காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மாமியாரைப் பார்த்தபோது விசாரித்தேன். அந்த அம்மாள் கையை விரித்தார். “அவ வரும்போதே அப்புடித்தான் வந்தா. அவகிட்ட ஒரு வேல சொல்றதுக்கு நாமளே செஞ்சிட்டுப் போயிடலாம்.”

உத்திரமேரூர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். குடவோலை போட்டு ஆள் எடுத்த விதிகளை வெட்டி வைத்த கல்வெட்டு. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் யாரும் அதை நின்று பார்த்ததில்லை. மேடம் ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வந்து பரபரப்பாக இருந்தார். அங்கே ஒரே விஷயத்துக்கு இரண்டு கல்வெட்டு இருக்கிறதாம். முதலில் ஒருமுறை விதிகளை வெட்டியிருக்கிறார்கள். இரண்டே வருஷத்தில் திரும்பவும் கூட்டிச் சேர்த்து, விட்டுப்போனதையெல்லாம் போட்டு வெட்டியிருக்கிறார்கள்.

“மொத தபா எழுதினது பத்தல சார். பத்தலன்னு ஒத்துக்கினு, கல்லுல மறுபடியும் வெட்டிகீறாங்க. நம்ம கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல ஒரு வரி சேக்கறதுக்கு அழுவறாங்க.”

அந்த வாரம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மோட்டார் வந்தது.

விவசாய மோட்டாரைப் போனிலிருந்து போடவும் நிறுத்தவும் ஒரு கருவி. ஏற்கெனவே ஓரளவு விற்றுக்கொண்டிருந்த கருவிதான். அதை ஏஜென்ட்டோடு இணைத்துவிட்டால் விவசாயி போனை எடுத்து, வாயால் சொன்னாலே போதும். தலைமை ஆபீசுக்கு அந்தக் கம்பெனி பெரிய வாடிக்கையாளர். அவர்கள் அனுப்பிய குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் ஒரு இடத்தில் இப்படி வரும்: நிறுத்து – மோட்டாரை நிறுத்தும்.

மேடம் அந்த வரியின் வலது ஓரத்தில், தாளின் விளிம்பு வரைக்கும் மஞ்சள் தீட்டினார்.

“நிறுத்தும். எதுவரிக்கும்?”

“மறுபடியும் போடுன்னு நாம சொல்ற வரைக்கும்,” என்றேன்.

“அப்புடின்னு எழுதிகீதா?”

இல்லை. அவர் உடனே கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நிறுத்திய மோட்டார் தானாக ஓடுமா என்று கேட்டார். எதிர்முனையில் அவருக்கு எரிச்சல். “ஆட்டோல போட்டிருந்தா, கரண்டு போயிட்டு வந்ததும் தானா ஓடும். உனக்குத் தெரியாதா இது?”

“எனக்குத் தெரியும்யா. அதுக்குத் தெரியாது.”

எங்கள் பக்கம் கழனி மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் விட்டு விட்டுத்தான் வரும். வரும்போதெல்லாம் ஓடிப்போய் ஸ்விட்ச் போட முடியாது என்பதால் எல்லோரும் தானாகவே மோட்டாரைப் போட்டுவிடும் ஆட்டோ ஸ்விட்ச் பொருத்தி வைத்திருப்பார்கள். நிறுத்தி வைத்த மோட்டார்கூட, ஆட்டோவை எடுக்காவிட்டால், கரண்ட் திரும்பியதும் கிளம்பிவிடும். மேடம் வீட்டில் இருந்தது கம்ப்ரசர் மோட்டார், பெல்ட் போட்டு இழுப்பது. பெல்ட் அடிக்கடி கழன்றுகொள்ளும். கையால்தான் மாட்டியாக வேண்டும்.

பத்துக்கு ஒன்று போட்டு அனுப்பினார். இரண்டாம் நாள் சென்னையிலிருந்து மேனேஜர் அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“விவசாயி எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை எதுக்கு எழுதணும்னு அவங்க கேக்கறாங்கம்மா. நியாயம்தானே? ஒரு ஆறு போடுங்க. இந்தக் கம்பெனி கைவிட்டுப் போச்சுன்னா உத்திரமேரூர் ஆபீஸை என்னால வெச்சிருக்க முடியாது.”

எங்கள் எல்லோருக்கும் அது அடுத்த மாதத்துச் சோறு. அவருக்கும்தான்.

“சார், ஒரே ஒரு தபா மானாம்பதிக்கு வாங்க. அவங்களையும் இட்டுக்கினு வாங்க. எங்க மோட்டார்லயே மாட்டிப் பாக்கலாம். பாத்துட்டு மார்க்க நீங்களே போடுங்க. நீங்க போடறத அப்படியே அனுப்பிடறேன்.”

மேனேஜர் வந்தார். கருவி செய்த கம்பெனியிலிருந்து ஒரு இளம் பெண் இன்ஜினியர் வந்தார். காலையிலேயே கருவியைப் பொருத்தி, போனில் ஏஜென்ட்டை இணைத்து, இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்திப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மேனேஜருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார் மேடத்தின் கணவர். நல்ல உயரமான, அதிகம் பேசாத மனிதர்.

லைன் மாற்றுவதற்காகத் தினமும் கரண்ட் ஒருமுறை போய்த் திரும்புகிற நேரம் நெருங்கியபோது மேடம் போனை வாய்க்கருகில் வைத்து, எல்லோரும் பேசுகிற மாதிரியே பேசினார்.

“பெல்ட்டு லூசாகீது. மாட்டணும். மோட்டார நிறுத்து.”

மோட்டார் நின்றது. ஏஜென்ட்டின் குரல் தெளிவாக, மரியாதையாகச் சொன்னது: “மோட்டார் நிறுத்தப்பட்டது. இப்போது நீங்கள் பெல்ட்டை மாட்டலாம்.”

அதைக் கேட்டதும் அவர் கணவர், மோட்டார் கொட்டாய்க்குள் நுழைந்து, பழக்கத்தில் பெல்ட்டை நோக்கிக் கையை நீட்டினார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, மேடம் அவர் பின்னாலேயே போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று. “நில்லுய்யா,” என்று பின்னுக்கு இழுத்தார். அவர் திரும்பி, ஏன் என்று கேட்க வாயெடுத்தார். கொட்டாயில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. வெளியே ஒரு மைனா கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. விளக்கு மறுபடி எரிந்தது. யாரும் தொடவில்லை, யாரும் சொல்லவில்லை, மோட்டார் ஒரு உறுமல் உறுமிக்கொண்டு கிளம்பியது. லூசாகக் கிடந்த பெல்ட் துள்ளிக் கழன்று சுவரில் அறைந்து விழுந்தது. காரை பெயர்ந்து எங்கள் காலடியில் சிதறியது.

கணவர் தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடியும் பார்த்தார்.

மேனேஜர், “இந்த ஏஜென்ட் என்ன இப்படிப் பொய் சொல்லுது!” என்றார்.

“அத்தத் திட்டாதீங்க சார். அது படிச்சத சொல்லிச்சு. அது கையில குடுத்தது அந்த ஒரு வரிதான்.”

அந்த இன்ஜினியர் பெண் முகம் வெளுத்து நின்றிருந்தார். “எங்களுக்குத் தெரியும் மேடம். ஆபீஸ்ல ஒவ்வொருத்தருக்கும் தெரியும். அதனாலதான் யாரும் எழுதல போல,” என்றார். பிறகு அவரே என்னிடம் தாள் கேட்டு வாங்கி, வரப்போரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வேலை பார்க்க நிறுத்தச் சொன்னால் முதலில் ஆட்டோவை எடுக்க வேண்டும், மெயின் ஸ்விட்சை இறக்கச் சொல்ல வேண்டும், இறக்கியாயிற்று என்று ஆள் சொல்கிற வரைக்கும் ‘தொடலாம்’ என்ற வார்த்தையை ஏஜென்ட் சொல்லக் கூடாது. ஒரு வரி இருந்த இடத்தில் ஒரு பக்கம் வந்தது. மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து, காலி இடங்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். மேனேஜர் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. பத்துக்கு ஒன்று அப்படியே நின்றது. புதிய குறிப்பு வந்தபோது ஒன்பது போட்டோம்.

இந்தச் சம்பவத்தை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் இந்த இடத்தில் மேடத்தைப் பாராட்டுவார்கள். எனக்கு மட்டும் அதற்கு அப்புறம் நடந்ததுதான் மனதில் நிற்கிறது. வந்தவர்கள் காரில் ஏறிப் போன பிறகு, அவர் கணவர் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“இது இப்புடி ஆவும்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லிட்டா நீ கைய நீட்டியிருக்க மாட்ட. நீட்டுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். நான் புடிச்சிக்கினுதான இருந்தேன்?”

“சட்ட கிழிஞ்சிருந்தா?”

உலகத்தில் உள்ள எல்லாக் கம்பெனியிடமும், ஏன் சொல்லவில்லை, ஏன் எழுதவில்லை என்று கேட்டவர், தன் வீட்டு மனிதரிடம் சொல்லாமல் விட்டிருந்தார். அன்று சமைத்து வைத்திருந்த சாப்பாட்டை எங்களுக்குப் போட்டார், தான் சாப்பிடவில்லை. அடுத்த சில நாட்கள் கணவர் அவரோடு பேசவில்லை என்று ஆபீசில் அவராகவே சொன்னார். ஆபீசில் மஞ்சள் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்புறம் ஒரு காலையில் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு வந்தார். கணவர் பேசிவிட்டாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘அடுத்த தபா எனக்கும் எழுதிக் குடு’ன்னாரு. கிண்டலா சொன்னாரா, நெஜமா சொன்னாரான்னு தெரியல சார். நான் கேக்கல.”

அவர் கேட்காமல் விட்டதாக நான் அறிந்த கேள்வி அது ஒன்றுதான்.

ஆபீஸ் மோட்டாரால் மூடவில்லை. அதற்குச் சில மாதம் கழித்து வேறு காரணத்தால் மூடியது. குறிப்புகளைப் படித்து மார்க் போடுவதையும் ஏஜென்ட்டையே செய்ய வைக்கலாம் என்று சென்னையில் முடிவெடுத்தார்கள். ஏஜென்ட்டுக்காக எழுதியதை ஏஜென்ட்டே படித்துக் குறை சொல்லட்டும் என்பது யோசனை. ஆயிரம் குறிப்பானாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும். மேனேஜர் நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கி மேடத்திடம் கடைசி வேலையாக ஒன்றைக் கேட்டார். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்களோ அதை அப்படியே ஒரு குறிப்பாக எழுதித் தாருங்கள், ஏஜென்ட் அதைப் படித்து உங்களைப் போலவே பார்க்கட்டும்.

நாங்கள் எல்லோரும் கொதித்தோம். நம் வேலையைப் பறிப்பதற்கு நாமே எழுதித் தர வேண்டுமா என்று. மேடத்துக்கு அந்தக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. “என்ன மாதிரி பாக்குமா அது? பாக்கணும் எனக்கு,” என்றார். ஆர்வத்தில் அவர் கண் பளபளத்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினார். பெயரை மறைத்துப் படிப்பது, ‘எல்லோருக்கும் தெரியும்’ என்று தோன்றும் இடத்தில் நிற்பது, ஒவ்வொரு செயலுக்கும் ‘எதுவரைக்கும்’ என்று கேட்பது, எல்லாவற்றையும் எழுதினார். கடைசியில், சந்தேகம் வந்தால் மார்க் போடாதே, நிறுத்து என்று முடித்தார்.

முதல் சோதனையாக என்ன கொடுப்பது என்று நாங்கள் யோசித்தபோது அவரே சொன்னார், தன் குறிப்பையே அதனிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று. கொடுத்தோம். ஏஜென்ட் படித்துவிட்டு ஆறு மார்க் போட்டது. காரணங்களில் ஒன்று: சந்தேகம் வந்தால் நிறுத்து என்று இருக்கிறது, நிறுத்திய பிறகு யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதப்படவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“கேட்டுச்சு பாருங்க சார்! சரியான எடத்துல கேட்டுச்சு!”

மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தார். யார் பெயரைப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சென்னையில் கேட்டதற்கு, இப்போதைக்கு உங்கள் நம்பரையே போடுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். தன் போன் நம்பரைப் போட்டார். அந்த மாதக் கடைசியில் உரக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் பிரிந்தோம்.

நான் இப்போது வீட்டிலிருந்தே சில கம்பெனிகளுக்குக் குறிப்பு எழுதித் தருகிறேன். எழுதியதைப் பெயரை மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்கிறேன். என் மனைவிக்குப் பழகிவிட்டது. மேடத்தை ரொம்ப நாள் பார்க்கவில்லை. போன தையில், திருமுக்கூடலில் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து விருந்தில் எதிர்ப் பந்தியில் அவர் உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுப்பதாகச் சொன்னார். கணவர் நடவு வேலையில் இருப்பதாகச் சொன்னார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தார். இலையில் பாதிச் சாப்பாடு இருக்க, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வாசல் பக்கம் போனார். என்னமோ ஏதோ என்று நானும் பின்னாலேயே போனேன். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கருவியின் குறிப்பைப் பற்றி ஏஜென்ட் கேட்டிருந்தது. ‘நோயாளியை நீக்கு என்று இருக்கிறது. இன்றைய வரிசையிலிருந்து மட்டுமா, மொத்தப் பதிவிலிருந்துமா என்று எழுதப்படவில்லை. எப்படி எடுத்துக்கொள்ளட்டும்?’

“இன்னும் இது உங்களுக்கா வருது?”

“வருது சார். நம்பர மாத்துங்கன்னு சொன்னேன். சரின்னாங்க. மாத்தல.”

அவர் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகப் பதில் அடித்தார். எப்படியும் எடுத்துக்கொள்ளாதே, எழுதியவர்களைக் கேள், அவர்கள் சொல்கிற வரைக்கும் மார்க் போடாதே.

“சம்பளம் இல்ல, ஆபீஸ் இல்ல. பிளாக் பண்ணிட்டு நிம்மதியா சாப்பிடலாமே மேடம்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு சங்கடத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“நான் பதில் போடலன்னா அது இன்னா பண்ணணும்னு நான் எழுதல சார்.”

உள்ளே பந்தியில் பாயசம் வந்துவிட்டது என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வரேன் என்று கையைக் காட்டிவிட்டு, பதில் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் விழும் வரைக்கும் அவர் வாசலிலேயே நின்றார்.